பாவு வெள்ளையாகவே இருக்கட்டுமா? சேர்வராயன் துணித்தொடர் ஒன்றுக்கான சாயத் தேர்வு

ஆறு தொங்கு துணிகள் கொண்ட ஒரு தொடரை இந்த ஆண்டுக்குள் நெய்து முடிக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளம், நான்கடி அகலம். நூல் பட்டு, நெய்யப்போவது சேலம் அம்மாபேட்டையில் உள்ள ஒரு குழித்தறியில். கருப்பொருள், சேலத்தை அடுத்து ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. அடிவாரத்துச் செம்மண்ணில் தொடங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, காப்பித் தோட்டங்களையும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களையும் கடந்து, உச்சியில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டத்தில் முடிகிற அந்தப் பாதையில் நிறம் எப்படி மாறிக்கொண்டே போகிறது என்பதைத் துணியில் சொல்ல வேண்டும் என்பது என் பல நாள் ஆசை.

அந்த நிறத்தை எங்கிருந்து பெறுவது என்பதுதான் முதலில் தீர வேண்டிய கேள்வி. அது தீராமல் நூல் வாங்க முடியாது. நெசவாளரிடம் நாள் குறிக்கவும் முடியாது. என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. நூல் முழுவதையும் தாவரச் சாயத்தில் நானே தோய்த்துக்கொள்வது ஒன்று. சாயப் பட்டறையில் கொடுத்து, பட்டுக்குரிய அமிலச் சாயம் என்னும் செயற்கைச் சாயத்தில் நிறமேற்றி வாங்கிக்கொள்வது இரண்டாவது. அவுரி நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெளிர்நீலம் முதல் கருநீலம் வரை அதன் படிகளிலேயே மலையைக் காட்டிவிடுவது மூன்றாவது. சாயமே இல்லாமல், சேலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த வெண்பட்டின் வெண்மையில், நெசவின் கட்டு முறையை, அதாவது இழைகள் ஒன்றோடொன்று பின்னும் விதத்தை, மட்டும் மாற்றி மாற்றி நெய்வது நான்காவது. இவை ஒவ்வொன்றையும் சிறு அளவில் செய்து பார்த்தும், தோய்க்கிறவர்களோடும் நெய்கிறவர்களோடும் பேசியும் நான் வந்து சேர்ந்த இடத்தை இங்கே காரணங்களோடு எழுதுகிறேன்.

முதலில் வேலையின் அளவைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் பிறக்கிறது. அங்குலத்துக்கு 100 இழை வீதம் 48 அங்குல அகலத்துக்கு 4800 பாவிழைகள், அதாவது தறியில் நெடுக்காகக் கட்டும் இழைகள், வேண்டும். ஆறு துணிகளுக்கு 18 மீட்டர். இடைவெளிக்கும் தறியில் நெய்ய முடியாமல் நின்றுபோகும் முனைக்கும் சேர்த்து 22 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் பாவுக்கு மட்டும் 105 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இழை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் தூரத்தைப் போல மூன்றரை மடங்கு. அந்த இழைகள் ஒவ்வொன்றும் இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணிலும் சீப்பு போன்ற அச்சின் பல்லிலும் நுழைந்து, குறுக்கிழையான ஊடை விழும் ஒவ்வொரு முறையும் இழுபட்டு, பக்கத்து இழையோடு உரசி, அதன் பிறகே துணியாகிறது. ஊடைக்கு இந்தப் பாடு கிடையாது. அது தார் என்னும் சிறு குழலில் சுற்றப்பட்டு, நாடா என்னும் ஓடத்துக்குள் அமர்ந்து, ஒரே ஒரு முறை குறுக்கே போனால் அதன் பயணம் முடிந்துவிடுகிறது. பாவு படும் பாட்டுக்கும் ஊடை படும் பாட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு தறியில் நிற்காது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன், மரபு என்ற சொல்லைப் பற்றி ஒன்று. மரபை ஆதாரமாக வைத்து வேலை செய்யும் துணிக்கலைஞர் என்றால் தாவரச் சாயத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். சேலத்தின் வரலாறு அவ்வளவு எளிதாக அந்த எதிர்பார்ப்புக்கு இடம் கொடுக்காது. 1868இல் ஜெர்மனியில் அலிசரின் என்னும் சிவப்பு ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் தோண்டியெடுத்த சாயவேரும், தென்னார்க்காட்டு வயல்களில் விளைந்த அவுரியும் அதற்குப் பின் படிப்படியாகத் தறிகளை விட்டு விலகின. ஆகவே இன்று சேலத்தின் குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பகுதிகளில் இருக்கும் செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர் வீடுகளில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கும் சாய அறிவில் பெரும்பகுதி டப்பாவில் வரும் சாயத்தைப் பற்றியதே. கொதிக்கும் தொட்டியின் மேல் கோலில் மாட்டிய சிட்டத்தை, அதாவது நூற்கற்றையை, திருப்பித் திருப்பி விட்டு, ஈரநூலின் ஒரு முனையைப் பிழிந்து ஊதிப் பார்த்து, காய்ந்தால் எந்த நிறத்துக்கு வரும் என்று சொல்லும் கண் நாலைந்து தலைமுறை உழைப்பில் உருவானது. அதை மரபில்லை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் எது பழையது என்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. வெயிலில் நிறம் நிற்குமா, தண்ணீர் எவ்வளவு போகும், தறி தாங்குமா, துணியின் கீழே நான் எழுதும் ஒரு வரி விளக்கம் உண்மையாக இருக்குமா என்பவையே என் அளவுகோல்கள்.

தாவரச் சாயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் ஆசை அங்கேதான் இருந்தது. மலையின் நிறத்தை மலையில் விளைந்த பொருளிலிருந்தே எடுப்பது போல் பொருத்தமானது வேறொன்று இருக்க முடியுமா என்று நினைத்தேன். பலாமரத்தின் வைரப்பகுதியை அறுத்த தூள் பட்டுக்குப் பொன்மஞ்சள் கொடுக்கும்; புத்தத் துறவிகளின் ஆடைக்குப் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட நிறம் அது. சில்வர் ஓக் இலையிலும் ஒரு மஞ்சள் இருக்கிறது. யூகலிப்டஸ் இலையை நெடுநேரம் காய்ச்சினால் பட்டில் எந்தத் துணைப்பொருளும் இல்லாமலே செம்மஞ்சள் ஏறும். காப்பிப் பழத்தின் தோலில் உள்ள துவர்ப்பு மென்மையான பழுப்பு தரும். கடுக்காயின் துவர்ப்பு மங்கிய மஞ்சளையும், இரும்போடு சேர்ந்தால் சாம்பலிலிருந்து கறுப்பு வரையும் தரும். சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். இவற்றோடு மாதுளைத் தோலையும் அவுரியையும் சேர்த்துக்கொண்டால் மலையின் எந்த நிறத்தையும் எட்டிவிடலாம்.

பட்டு இதற்கு இணக்கமான நூல். பருத்தியானால் முதலில் கடுக்காயில் ஊறவைத்து, பிறகு படிகாரத்தில் ஊறவைத்து, அதன் பின்னரே சாயத்தில் விட வேண்டும். பட்டு விலங்குப் புரதம் என்பதால் படிகாரத்தை நேராகவே பிடித்துக்கொள்கிறது. நூலின் எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு படிகாரம் போதும். இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறினால் காலையில் சாயத்துக்குத் தயார். படிகாரம் அலுமினிய உப்பு. சேர்வராயன் மலைமுகடுகளின் செம்மண்ணில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருப்பதும், அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனதும் இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. நிறத்தை இழையில் நிறுத்தும் உலோகம் அந்த மலையின் மண்ணிலேயே இருக்கிறது என்ற எண்ணம், படிகாரத்தை எடைபோடும் ஒவ்வொரு முறையும் எனக்கு வரும்.

தண்ணீர் இதில் தனி அத்தியாயம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது. அந்தக் கடினநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து மஞ்சிட்டிச் சிவப்பை ஒளிரச் செய்கிறது; அதே நீரில் அரக்குச் சாயத்தைக் கரைத்தால் சிவப்பு ஊதாப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நீரில் இரும்பு கொஞ்சம் இருந்தாலும் பலாத்தூள் மஞ்சள் களிம்பு பிடித்ததுபோல் மங்கிவிடும். கூரையிலிருந்து பிடித்த மழைநீரில் ஒன்று, மேட்டூர்க் குழாய்நீரில் ஒன்று, கிணற்று நீரில் ஒன்று என்று ஒரே தூளில் மூன்று சிட்டங்களைத் தோய்த்து வரிசையாகக் காயப்போட்டேன். மூன்றையும் பார்த்த என் தம்பி மூன்று வெவ்வேறு மரத்தின் தூள் என்று நினைத்துவிட்டான். கொதிநிலையும் அப்படித்தான். மஞ்சிட்டியைக் கைபொறுக்காத சூட்டில் நிறுத்திக்கொண்டால் செந்நிறம்; பொறுமையிழந்து கொதிக்கவிட்டால் செங்கல் பழுப்பு.

இந்த மாறுதலைக் குறை என்று சொல்ல மாட்டேன். மலையின் எந்த இரண்டு வளைவுகளிலும் பச்சை ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனால் பாவில் இந்த மாறுதல் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 600 கிராம் பாவு நூலை வீட்டு அண்டாவில் ஒரே முறையில் தோய்க்க முடியாது. நான்கு பகுதியாகப் பிரித்தால் நான்கு நிறம் வரும். அவை பாவில் கலந்து 22 மீட்டர் நீளத்துக்கும் நெடுக்குக் கோடுகளாக நிற்கும். நெய்யத் தொடங்கிய பிறகு அந்தக் கோட்டை யாராலும் அழிக்க முடியாது. ஊடையில் அதே மாறுதல் வந்தால் எந்தத் தாரை எங்கே போடுவது என்று தறியருகில் உட்கார்ந்தே முடிவு செய்துகொள்ளலாம்.

வெயில் சோதனையையும் சொல்ல வேண்டும். மேற்கு பார்த்த ஜன்னலில் பன்னிரண்டு நிறச் சிட்டங்களை அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மாசியிலிருந்து ஆடி வரை வைத்திருந்தேன். சமையல் மஞ்சளில் தோய்த்தது ஒரு மாதத்துக்குள் போய்விட்டது. அது நான் எதிர்பார்த்ததே. சில்வர் ஓக் இலையின் மஞ்சள் வெளிறியது. பலாத்தூள் மஞ்சள் வெளுக்காமல் பழுப்பை நோக்கி நகர்ந்தது. மாதுளைத் தோலும் மஞ்சிட்டியும் அவுரியும் தாளை எடுத்துப் பார்த்தபோது கோடு தெரியாத அளவுக்கு நின்றிருந்தன. சுவரில் பல ஆண்டுகள் தொங்கப்போகும் துணிக்கு இந்த மூன்றையும் நம்பலாம். பலாத்தூளை அதன் மாற்றத்தோடு ஏற்றுக்கொள்ளலாம். சில்வர் ஓக்கை, வருத்தத்தோடுதான், விட்டுவிட வேண்டும்.

மலையில் கிடைக்கிறது என்பதற்காக மலையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. மஞ்சிட்டி வேர்ச்சாயம், நிறம் வேண்டுமானால் கொடியைப் பிடுங்கியாக வேண்டும். காப்புக்காட்டில் அதற்கு எனக்கு உரிமை இல்லை. கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிப்பது அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிழைப்போடு சேர்ந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே மஞ்சிட்டியைச் செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறேன். கடுக்காயைச் சேகரிப்பவர்களிடமே அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குகிறேன். பலாத்தூள் மரம் அறுக்கும் இடத்தில் கிடைக்கிறது. முழுக்க மலையின் நிறம் என்று எழுத முடியாமல் போவதை இதற்காக ஏற்றுக்கொண்டேன்.

இப்போது முன்பு சொல்லாமல் விட்ட கதை. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு சிறிய துணிக்காகப் பாவையே கறுப்பாகத் தோய்த்தேன். இரும்புத் துண்டுகளையும் கருப்பட்டியையும் பல நாள் ஊறவைத்து எடுத்த புளித்த நீரும் கடுக்காயும் சேர்ந்து, ஆழமான, உயிருள்ள கறுப்பைக் கொடுத்தன. இரும்பு பட்டிழையைக் காலப்போக்கில் அரிக்கும் என்று படித்திருந்தேன். காலப்போக்கு என்பது அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. தறியில் ஏற்றிய மூன்றாம் நாளிலிருந்து இழைகள் அறுந்தன. வழக்கமாக நாள் முழுவதும் நெய்கிற அளவில் கால்பங்குகூட அந்த நெசவாளரால் நெய்ய முடியவில்லை. அறுந்த இழையை எடுத்துப் பிணைப்பதிலேயே பொழுது போனது. முழத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்ததால், என் ஆசையின் விலையை அவர் தன் வருமானத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. நாட்கூலியாக மாற்றிக் கணக்கை நேர்செய்தேன். அன்று அவர் கோபப்படவில்லை. "ஊடையில என்ன வேணாலும் பண்ணிப் பாரு கண்ணு, பாவுல மட்டும் கை வைக்காத" என்றார். இந்தக் கட்டுரையின் பாதி அந்த ஒரு வாக்கியம்தான்.

சாயப் பட்டறை வழி இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடுகிறது. ஷேடு அட்டையில் காட்டும் நிறம் ஒரே நாளில் வரும். ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே நிறம் வரும். பாவு முழுவதும் ஒரே தொட்டியில் தோயும். இழையின் வலு குறையாது. அமிலச் சாயங்களிலும் உலோகம் சேர்ந்த சாயங்களிலும் நல்லதாகத் தேர்ந்தெடுத்தால் என் ஜன்னல் சோதனையை எந்தத் தாவரச் சாயத்துக்கும் குறையாமல் தாங்கும். அசோ என்னும் செயற்கைச் சாய வகையில், அமீன்கள் என்னும் தீங்கான வேதிப்பொருள்களாகச் சிதைபவற்றை 1994இல் ஜெர்மனி தடைசெய்தது. இந்தியாவும் அதே பத்தாண்டுக்குள் தடைசெய்தது. ஆகவே செயற்கைச் சாயம் என்றாலே நஞ்சு என்று சொல்வது நியாயமில்லை. தாவரச் சாயம் என்றாலே தூய்மை என்பதும் அப்படித்தான். முற்காலத்தில் நிறத்தைப் பிடிக்க வைக்கப் பயன்பட்ட சில உலோக உப்புகளைச் சாக்கடையில் கொட்டுவது பெருந்தீங்கு. படிகாரத்துக்கும் சிறிது இரும்புக்கும் மேல் நான் வேறெதையும் தொடுவதில்லை.

ஆனால் இந்தத் தொடருக்கு அந்த வழி பொருந்தாததற்கு ஒரு காரணம் உண்டு, அது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலைத்தொடரில் பிறந்து, சேலம் நகரின் நடுவே ஓடி, காவிரியில் போய்ச் சேரும் ஆறு அது. நகரத்துக்குள் அது எப்படி இருக்கிறது என்பதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. சாக்கடை நீரோடு சாயக் கழிவும் அதில் கலந்து வந்திருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் பட்டறைகளும் இருக்கின்றன. சிறு பட்டறைக்காரர் ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்குவதும் என் எண்ணமில்லை, அவர்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு வசதியைச் செய்து கொடுக்காத பொறுப்பு அவர்களுடையதல்ல. ஆயினும் அந்த மலையைப் பற்றிய துணி, அந்த மலையில் பிறந்த ஆற்றுக்கு மேலும் ஒரு தொட்டிச் சாயநீரைக் கொடுத்து உருவாகக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. என் கணக்கில் 600 கிராம் நூலுக்கு ஒரு முறைக்கு 18 லிட்டர் வீதம், அலசல்களோடு சேர்த்து ஆறு முறை நீர் மாற்றினால் 108 லிட்டர் செலவாகும். தாவரச் சாயத்தில் படிகாரத் தொட்டியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்; மீதியை வீட்டுக் கொல்லையிலேயே ஆறவிட்டு, வண்டல் தங்கிய பின் மரங்களுக்கு விடும் அளவுக்குள் வைத்துக்கொள்ள முடிகிறது. அளவு சிறியது என்பதால் மட்டுமே இது முடிகிறது. ஆயிரம் சேலைக்கு இந்தக் கணக்கு நிற்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவுரியை மட்டும் வைத்துக்கொள்ளும் மூன்றாவது வழி என்னை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. நீலம் நீரில் கரையாது. காரநீரில் புளிக்க வைத்து அதன் உயிர்க்காற்றைப் பறித்தால்தான் கரைந்து நூலுக்குள் போகும். வெளியே எடுத்ததும் மஞ்சள்பச்சையாக இருக்கும் நூல் கண்ணெதிரே காற்றைக் குடித்து நீலமாகும். தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துப் புளிக்க வைக்கும் தென்னாட்டுத் தாழி முறை இதற்கென்றே உள்ளது. தாழி உயிரோடு இருக்க வெதுவெதுப்பு வேண்டும்; ஏற்காட்டுக் குளிரில் அது உறங்கிவிடும், சேலத்துச் சித்திரையில் இரண்டே நாளில் நுரை கட்டி நிற்கும். பருத்திக்கு இது பேரின்பம். பட்டுக்குச் சற்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பின் காரம் மிகுந்தால் பட்டின் பளபளப்பு குறைந்து, இழை சொரசொரப்பாகிவிடும். காரத்தைக் குறைத்து, தோய்ப்பின் நேரத்தைச் சுருக்கி, பல முறை முக்கி எடுத்தால் சமாளிக்கலாம். வெயிலில் நீலம் நன்றாகவே நிற்கிறது. எனினும் நீலம் மட்டுமே என்றால் தொலைவிலிருந்து பார்க்கும் மலைதான் கிடைக்கும்; மலைக்குள் நிற்கும்போது தெரிகிற செம்மண்ணும் காப்பிப் பழமும் அதில் இல்லை. மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது சரியான தேர்வு. நான் ஏறிப் போகிறேன்.

வெண்பட்டுக்கு வருகிறேன். சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஜரிகைக் கரை வைத்த வேட்டியாகவும் அங்கவஸ்திரமாகவும் முகூர்த்த மேடைகளில் நாம் பார்ப்பது அதுதான். அந்த வெண்மை தானாக வருவதில்லை. கோராப் பட்டின் மேல் புழு பூசிய பசை இருக்கும். சோப்பு நீரில் காய்ச்சி அதை எடுத்தால்தான் பளபளப்பும் வழவழப்பும் வெளிப்படும். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்தப் பசையோடு போய்விடும். அளவு மீறிக் காய்ச்சினால் இழை நொய்ந்துவிடும். குறைவாகக் காய்ச்சினால் விறைப்பாக நிற்கும். இதைச் சரியான நேரத்தில் நிறுத்தத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. நிறம் இல்லாமல் நெசவுக்கட்டை மட்டும் வைத்து மலையைச் சொல்வது அழகான கட்டுப்பாடு. வெளுக்கும் பயமில்லை, தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு, பாவு முழு வலுவோடு தறியில் ஏறும். ஆனால் ஆறு துணிகளும் வெள்ளை என்றால் பார்ப்பவர் உச்சியை மட்டும் பார்ப்பார், ஏறி வந்த வழி அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் முடிவு கிடைத்தது. பாவு வெண்பட்டாகவே இருக்கும். நிறமெல்லாம் ஊடையில் வரும். முதலில் இதைத் தறியின் நலனுக்காகச் செய்யும் விட்டுக்கொடுப்பாகவே நினைத்தேன். மாதிரித் துண்டு நெய்து பார்த்தபோதுதான் அது இந்தத் தொடருக்கே உரிய தீர்வு என்று புரிந்தது. வெள்ளைப் பாவின் குறுக்கே மஞ்சிட்டி ஊடை போனால், பாவின் வெண்மை சிவப்பின் மேல் மெல்லிய புகையாகப் படர்கிறது. சேர்வராயன் உச்சியில் விடியற்காலைப் பனி செய்வதும் அதையேதான். எட்டு விழுதுக்கட்டை, இழைகளைத் தேர்ந்து தூக்கும் டாபி கருவி வைத்து இயக்கினால் அந்தப் பனியின் அளவையும் கூட்டிக் குறைக்கலாம். அடிவாரத்துத் துணியில், பாவிழை எட்டு ஊடைக்கு ஒரு முறை மட்டும் மேலே தலைகாட்டும் சாட்டின் கட்டு: ஏறக்குறைய முழுச் சிவப்பு. நடுத் துணிகளில் சாய்கோட்டுக் கட்டும், ஒன்று விட்டு ஒன்று பின்னும் சாதாக்கட்டும். கடைசித் துணியில் அதே சாட்டினைத் தலைகீழாகத் திருப்பினால் ஊடை எட்டில் ஒரு முறை மட்டும் வெளியே வரும்: வெள்ளைக்குள் நிறம் மறைந்திருக்கும். ஒரே பாவில் ஆறு துணிகளும் வரிசையாக நெய்யப்படுவதால், தறியில் சுருட்டப்படும் துணியே அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

ஊடை நிறங்களாக மஞ்சிட்டி, மாதுளைத் தோல், அவுரி, இவற்றோடு பலாத்தூளும் காப்பிப் பழத்தோலும் இருக்கும். இரும்பு நீரை ஒரே ஒரு துணியின் சாம்பல் நிறத்துக்காக, மிக மெல்லியதாக, ஊடையில் மட்டும் பயன்படுத்துவேன். அதுவும் அந்த நூலை நெடுநாள் வைத்திராமல் தோய்த்த மாதத்திலேயே நெய்துவிடுவதாக இருந்தால். பசை நீக்கும் வேலையை நான் செய்யப்போவதில்லை. அதைப் பட்டறைக்காரர் ஒருவரிடமே கொடுக்கிறேன், ஏனென்றால் அந்தக் கை என்னிடம் இல்லை. துணியின் கீழே எழுதும் வரியில் அதுவும் இருக்கும்: பாவு, பட்டறையில் பசை நீக்கிய சேலம் வெண்பட்டு; ஊடை, வீட்டில் தாவரச் சாயம் ஏற்றியது.

வேறு வேலைக்கு வேறு விடை வரலாம். உடுத்தித் துவைக்கும் சேலையை நூற்றுக்கணக்கில் நெய்து விற்பவர், சுத்திகரிப்பு வசதி உள்ள நல்ல பட்டறையைத் தேடிப் போவதே வாங்குபவருக்கும் நெய்பவருக்கும் நியாயம். பருத்தியில் வேலை செய்பவர் அவுரியிலிருந்து தொடங்கலாம். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, 1960 முதல் இயங்கும் சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இதே ஊரில்தான் இருக்கிறது. தறியின் கணக்கையும் சாயத்தின் கணக்கையும் ஒருசேரக் கற்பிக்கும் இடம்.

நூலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை கூலி முதல் நாளிலிருந்தே நாட்கணக்கில் பேசப்பட்டிருக்கிறது. பாவு பிணைக்கும் நாட்களும் அதில் சேரும். மூன்றாவது துணிக்கு வேண்டிய பச்சை மட்டும் இன்னும் தீரவில்லை. மாதுளைத் தோலின் மேல் அவுரியை முக்கி எடுத்த ஒன்று, பலாத்தூளின் மேல் முக்கி எடுத்த ஒன்று, இரண்டு சிட்டங்களும் கொல்லைக் கொடியில் தொங்குகின்றன. முதலாவது வெயிலில் நிற்கும். இரண்டாவது இன்றைக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஆண்டுகள் போகப் போகக் காப்பி இலையின் முதிர்ந்த பச்சைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் தாரில் சுற்றி எடுத்துப்போய், பாவின் தொடக்கத்தில் ஒரு சாண் ஒரு சாண் நெய்து பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.